இசைத்தட்டைத் தந்த எமில் பெர்லினர்



நம் வளாகத்தில் பழைய இசைத்தட்டு வைத்திருக்கும் வீடுகள் பத்துக்குக் குறையாது என்பது என் கணக்கு. சில வீடுகளில் தாத்தா காலத்துக் கறுப்புத் தட்டுகள் பரணில் துணி சுற்றிக் கிடக்கின்றன. இன்னும் சில வீடுகளில் பிள்ளைகள் புதிதாக வினைல் ரெக்கார்டு வாங்கி வந்து அலமாரியில் அடுக்குகிறார்கள். மாலை நடையில் இரு தரப்பாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். இது என்ன விலைக்குப் போகும்?

விலைக்கு முன் தரம் பார்க்க வேண்டும். தரம் பார்க்கத் தெரிய வேண்டுமானால், அந்தத் தட்டு எதனால் ஆனது, எப்படி உண்டானது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதற்கு எமில் பெர்லினர் என்பவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஒலியைப் பதிவு செய்தவர் என்றால் எல்லோரும் எடிசன் பெயரைச் சொல்வோம். ஆனால் உங்கள் பரணில் இருக்கும் தட்டையான வட்டத் தட்டு எடிசன் தந்ததல்ல. அது பெர்லினர் தந்தது.

ஜவுளிக் கடைப் பையன்

பெர்லினர் 1851ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி ஜெர்மனியின் ஹானோவர் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் பதின்மூன்று பிள்ளைகள். அப்பா வியாபாரி, மதநூல்களிலும் ஈடுபாடு உடையவர். அம்மாவுக்கு இசையில் விருப்பம். பையன் வோல்ஃபன்பூட்டல் ஊரில் இருந்த பள்ளியில் படித்து 14 வயதில் வெளியே வந்தார். அவருடைய பள்ளிப்படிப்பு அத்தோடு சரி. கல்லூரி வாசலை அவர் மிதிக்கவில்லை. அச்சுக்கூடத்தில் எடுபிடி வேலை, பிறகு துணிக்கடையில் வேலை. அந்த அச்சுக்கூடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1870இல் ஐரோப்பாவில் போர் மேகம் சூழ்ந்தது. ஊரில் இருந்தால் ராணுவத்துக்குப் போக வேண்டியிருக்கும். குடும்ப நண்பர் ஒருவர் அமெரிக்காவில் வாஷிங்டன் நகரில் ஜவுளிக் கடை வைத்திருந்தார். 19 வயதுப் பையன் கப்பலேறிப் போய் அந்தக் கடையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். என்னைப் போல மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுதிப் பிழைத்தவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் பிடிக்கும்.

மூன்று ஆண்டு கழித்து நியூயார்க்குக்குப் போனார். பகலில் கிடைத்த வேலை எல்லாம் செய்தார். ஓர் ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவும் வேலையும் பார்த்தார். அந்த ஆய்வுக்கூடத்துக்காரர் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க், பின்னாளில் சாக்கரினைக் கண்டுபிடித்தவர். சர்க்கரை நோய்க்காரர்கள் பலருக்குத் தெரிந்த அதே சாக்கரின்தான். இரவில் கூப்பர் யூனியன் என்ற கல்வி நிலையத்தின் நூலகத்தில் உட்கார்ந்து மின்சாரம், ஒலி பற்றிய புத்தகங்களைப் படித்தார். படிக்க வைக்க ஆள் இல்லை, தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும்தான்.

வாடகை அறையில் பிறந்த மைக்ரோஃபோன்

மறுபடி வாஷிங்டன் ஜவுளிக் கடைக்கே வந்து சேர்ந்த காலத்தில், 1876இல், கிரகாம் பெல்லின் தொலைபேசி பற்றி ஊரெல்லாம் பேச்சு. பெல்லின் கருவியில் ஒரு குறை இருந்தது. காதில் வைத்துக் கேட்க நன்றாக இருக்கும், வாயருகே வைத்துப் பேசினால் குரல் தொலைவு போகாது. பெர்லினர் தம் வாடகை அறையில் இதைச் சரிசெய்யப் பார்த்தார்.

அப்போது தீயணைப்பு நிலையத் தந்தி ஊழியர் ஒருவர் அவருக்கு நண்பர். தந்திக் கட்டையை மெதுவாகத் தட்டாமல் அழுத்தித் தட்ட வேண்டும் என்று அவர் பெர்லினருக்குக் காட்டிக் கொடுத்தார். அழுத்தம் கூடினால் அதிக மின்சாரம் பாயும் என்பதுதான் அதன் பொருள். தந்திக்காரருக்கு அது தினப்படி வேலை, பெர்லினருக்கு அதுவே விடையாகிவிட்டது. குரலின் அதிர்வே இரண்டு உலோகங்களுக்கு நடுவே அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால், மின்சாரமும் குரலைப் போலவே ஏறி இறங்கும் அல்லவா? 1877 ஏப்ரலில் இந்த எண்ணத்தைக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தார். எடிசன் தம் விண்ணப்பத்தைக் கொடுத்ததற்குச் சில நாள் முன்பு.

பெல் நிறுவனம் 1878இல் அந்த உரிமையை வாங்கிக்கொண்டு, அவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அந்த உரிமை மீதான வழக்குகள் பல ஆண்டுகள் ஓடின. எப்படியோ, ஜவுளிக் கடைக் குமாஸ்தா கையில் பணம் வந்தது. 1881இல் கோரா ஆட்லரைத் திருமணம் செய்துகொண்டார். அதே ஆண்டில் ஹானோவரில் தம் சகோதரர்களோடு சேர்ந்து தொலைபேசித் தொழிற்சாலை ஒன்றும் தொடங்கினார். சில ஆண்டுகளில் பெல் நிறுவனத்தின் வேலையையும் விட்டுவிட்டு வாஷிங்டனில் வீடு வாங்கி, சொந்தமாக ஆராய்ச்சியில் இறங்கினார். மாதச் சம்பளத்தை விட்டு இறங்குவது எவ்வளவு பெரிய முடிவு என்று நம்மில் சம்பளக்காரர்களுக்குத் தெரியும்.

உருளையை விட்டுத் தட்டுக்கு

1877இல் எடிசன் செய்த ஃபோனோகிராஃப் ஓர் உருளையைக் கொண்டது. ஊசி உருளையின் மேல் ஆழமாகவும் மேலாகவும் கீறிக்கொண்டே போகும். அதாவது பள்ளத்தின் ஆழத்தில் குரல் இருந்தது. கருவி அருமையானதுதான். ஆனால் அதை நகலெடுப்பது கடினம். பத்து உருளை விற்க வேண்டுமானால் பாடகர் திரும்பத் திரும்பப் பாட வேண்டும், அல்லது பல கருவிகளை ஒரே நேரத்தில் அவர் எதிரே வைக்க வேண்டும்.

பெர்லினர் இரண்டு மாற்றங்கள் செய்தார். உருளைக்குப் பதில் தட்டையான தட்டு. மேலும் கீழும் போகும் கீறலுக்குப் பதில் இடமும் வலமும் நெளியும் கோடு. 1887 நவம்பர் 8ஆம் தேதி அவருடைய முதல் கிராமஃபோன் காப்புரிமை வெளியானது. கிராமஃபோன் என்ற பெயரும் அவர் வைத்ததே.

செய்முறையைக் கேளுங்கள். துத்தநாகத் தகட்டின் மேல் தேன்மெழுகை மெல்லியதாகப் பூச வேண்டும். பாடகர் குழாய்க்கு நேரே பாடுவார். ஊசி அதிர்ந்து மெழுகில் நெளிகோடு வரையும். பிறகு தகட்டை அமிலத்தில் முக்கினால், மெழுகு விலகிய இடத்தை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். இப்போது கிடைப்பது மூலத் தகடு. அதன் மேல் மின்முலாம் வைத்து உரித்தால், பள்ளம் எல்லாம் மேடாக மாறிய அச்சு கிடைக்கும். அந்த அச்சை இளகிய பொருளின் மேல் அழுத்தினால் ஒரு பிரதி. இன்னொரு முறை அழுத்தினால் இன்னொரு பிரதி. ஒரு முறை பாடினால் போதும், எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். அச்சுக்கூடத்தில் வேலை பார்த்த பையனுக்கு இந்த எண்ணம் வந்ததில் வியப்பு என்ன?

1888 மே 16ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் உள்ள ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட்டில் இதை எல்லோர் முன்னும் செய்து காட்டினார். அன்றைக்கே ஒரு செய்தியும் சொன்னார். வருங்காலத்தில் பாடகர்களின் தட்டுகள் பல பிரதிகளாக விற்கும், விற்பனையில் பாடியவருக்குப் பங்குத் தொகை வரும் என்றார். இன்று ராயல்டி என்கிறோமே, அதைத்தான் ஒரு தட்டு கூட விற்காத காலத்தில் அவர் சொன்னார்.

ஆனால் அமெரிக்காவில் பணம் போட ஆள் வரவில்லை. முதலில் கடைக்கு வந்தது ஜெர்மனியில், அதுவும் பொம்மையாக. பொம்மை செய்யும் நிறுவனம் ஒன்று 1889, 1890 வாக்கில் கையால் சுற்றும் சிறிய கிராமஃபோனை விற்றது. 5 அங்குலத் தட்டு. குழந்தைகள் சுற்றி விளையாடிய அந்தத் தட்டுகளில் உடையாமல் மிஞ்சியவை மிகக் குறைவு. மிஞ்சியதைச் சேகரிப்பவர்கள் இன்று கண்ணாடிப் பேழையில் வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

நம் நாட்டு அரக்கு

பிறகு அமெரிக்காவில் பெர்லினர் 7 அங்குலத் தட்டுகளை விற்கத் தொடங்கினார். சுமார் இரண்டு நிமிடப் பாட்டு, ஒரே பக்கம். நடுவில் காகித லேபிள் கிடையாது. பாட்டின் பெயர், பாடியவர் பெயர், சில தட்டுகளில் பதிவான தேதியும்கூட, தட்டின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இன்றைக்கும் பெர்லினர் தட்டு என்று யாராவது கொண்டு வந்தால், சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்த நடுப்பகுதியைத்தான்.

தொடக்கத்தில் தட்டுகளைக் கெட்டி ரப்பரில் செய்தார்கள். ரப்பர் சீராக அழுந்தவில்லை, ஆங்காங்கே பள்ளம் பதியாமல் போனது. வேறு பொருள் தேடியபோது, பொத்தான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் விடை கிடைத்தது. சூட்டில் இளகி, ஆறியதும் கல்லாக இறுகும் அரக்குக் கலவையில் அவர்கள் பொத்தான் வார்த்துக்கொண்டிருந்தார்கள். 1895 வாக்கில் இசைத்தட்டும் அந்தக் கலவைக்கு மாறியது.

அந்த அரக்கு எங்கிருந்து போனது தெரியுமா? பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து. சோட்டா நாக்பூர் காட்டுப் பகுதிகளில், புரசு, இலந்தை போன்ற மரக்கிளைகளில் அரக்குப்பூச்சிகள் சுரக்கும் பிசினைக் காட்டு மக்கள் சுரண்டி எடுப்பார்கள். அதைக் கழுவி உருக்கித் தகடாக்கினால் ஷெல்லாக். கல்கத்தா துறைமுகம் வழியாக அது உலகெங்கும் போனது. புரசு என்றதும் நம் புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த மரம் நினைவுக்கு வரலாம். அரக்கு மாளிகை நம் பாரதக் கதையிலேயே உண்டு. வங்கியில் நாங்கள் பணப் பைகளுக்கு முத்திரை வைத்ததும் அரக்கில்தான். உருகும், இறுகும், விழுந்தால் உடையும். இந்த மூன்று குணமும் உங்கள் வீட்டு 78 சுற்றுத் தட்டுக்கும் உண்டு.

அரக்கோடு கல்பொடியும் பஞ்சு இழையும் கரியும் கலப்பார்கள். கல்பொடி எதற்கென்றால், எஃகு ஊசி தட்டைத் தேய்க்காமல் தட்டு ஊசியைத் தேய்க்க வேண்டும் என்பதற்காக. அதனால்தான் ஒரு பக்கம் பாடியதும் ஊசியை மாற்றச் சொன்னார்கள். சிக்கனம் பார்த்துப் பழைய ஊசியிலேயே ஓட்டிய வீடுகளின் தட்டுகளை இன்று பார்த்த உடனே சொல்லிவிடலாம். கறுப்பு மங்கிச் சாம்பல் நிறத்தில் இருக்கும்.

ஓர் ஒப்பந்தம், ஒரு தடையுத்தரவு

இனி வரும் பகுதியைக் காமர்ஸ் படித்தவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும்.

கையால் சுற்றும் கருவியில் பாட்டு ஒரே வேகத்தில் ஓடாது. 1896இல் கேம்டன் ஊரில் இயந்திரப் பட்டறை வைத்திருந்த எல்ட்ரிட்ஜ் ஜான்சன் என்பவர், சாவி கொடுத்தால் சீராகச் சுற்றும் வில்சுருள் மோட்டாரைச் செய்து கொடுத்தார். வியாபாரம் சூடுபிடித்தது. அதே 1896இல் ஃபிராங்க் சீமன் என்ற நியூயார்க் விளம்பரக்காரருக்கு அமெரிக்காவில் விற்பனை செய்யும் முழு உரிமையையும் நீண்ட கால ஒப்பந்தத்தில் பெர்லினர் தரப்பு கொடுத்தது. உரிமை ஓரிடம், தயாரிப்பு இன்னோரிடம், விற்பனை மூன்றாம் இடம். விற்பனைக்காரர் ஒருவரையே நம்பி மொத்த வாசலையும் அவர் கையில் கொடுத்தாயிற்று.

விளம்பரம் செய்வதில் சீமன் கெட்டிக்காரர், விற்பனையும் ஏறியது. ஆனால் கருவிக்குத் தாம் கொடுக்கும் விலை அதிகம், லாபம் போதவில்லை என்று தகராறு வந்தது. பிறகு சீமன் வேறு பெயரில் போட்டிக் கருவி விற்கத் தொடங்கினார். அதோடு, எதிர்த்தரப்பு நிறுவனம் தொடுத்த வழக்கில், கிராமஃபோன் அவர்களுடைய காப்புரிமையை மீறுகிறது என்று தாமாகவே ஒப்புக்கொண்டார். 1900ஆம் ஆண்டு ஜூன் மாதம் நீதிமன்றத் தடையுத்தரவு வந்தது. ஒப்பந்தப்படி விற்கும் உரிமை சீமனுக்கு மட்டுமே, ஆகவே பெர்லினர் வேறு யார் வழியாகவும் விற்கக் கூடாது. தாம் கண்டுபிடித்த பொருளைத் தாம் குடியேறிய நாட்டில் விற்க முடியாத நிலைக்குப் பெர்லினர் வந்துவிட்டார்.

அமெரிக்காவில் கிராமஃபோன் என்ற பெயரே வியாபாரத்திலிருந்து மறைந்தது. இன்றுவரை அமெரிக்கர்கள் ஃபோனோகிராஃப் என்றுதான் சொல்கிறார்கள். இங்கிலாந்து வழி வந்த நாம் கிராமஃபோன் என்கிறோம். வேடிக்கை என்னவென்றால், அதே அமெரிக்காவில் இசைக்குத் தரும் பெரிய விருதுக்கு கிராமி என்று பெயர். கிராமஃபோன் என்பதன் சுருக்கம்தான் அது.

பட்டறை நிறையச் சரக்கோடு நின்ற ஜான்சன், தம் பெயரிலேயே வியாபாரத்தில் இறங்கி, வழக்குகளைச் சமாளித்து, 1901இல் விக்டர் டாக்கிங் மெஷின் நிறுவனத்தைத் தொடங்கினார். அதில் பெர்லினர் தரப்புக்கும் பங்குகள் கிடைத்தன. பெர்லினர் கனடாவின் மான்ட்ரியல் நகரில் புதிதாகத் தொழில் அமைத்தார். பின்னால் அதை மகன்கள் கவனித்துக்கொண்டார்கள். 1924இல் விக்டர் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. மான்ட்ரியலில் அந்தப் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் இப்போது அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

நாய்ப் படமும் ஹானோவர் முத்திரையும்

குழாய்க்கு முன்னால் உட்கார்ந்து கேட்கும் நாயின் படத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். ஃபிரான்சிஸ் பராட் என்ற ஆங்கில ஓவியர் வரைந்தது. நாயின் பெயர் நிப்பர். படத்தில் முதலில் இருந்தது எடிசன் வகை உருளைக் கருவி. லண்டனில் இருந்த கிராமஃபோன் கம்பெனி, தங்கள் கருவியாக மாற்றி வரைந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றது. ஓவியர் 1899இல் மாற்றிக் கொடுத்தார். படத்துக்கு 50 பவுண்டு, உரிமைக்கு 50 பவுண்டு. லண்டனில் அதைப் பார்த்த பெர்லினர் 1900 ஜூலையில் அமெரிக்காவில் தம் வணிகச் சின்னமாகப் பதிவு செய்தார். தடையுத்தரவு வந்த அடுத்த மாதம் அது. கடை மூடப்பட்ட வேளையில் பதிவான சின்னம், விக்டருக்குப் போய், உலகிலேயே மிகவும் தெரிந்த சின்னங்களில் ஒன்றாகிவிட்டது. குட்வில் என்பதைக் கணக்குப் புத்தகத்தில் எப்படி மதிப்பிடுவது என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த நாய்க்கு யார் மதிப்புப் போட்டிருக்க முடியும்?

இந்தியாவுக்கு ரெக்கார்டு வந்த கதையிலும் பெர்லினர் கை உண்டு. அவரிடம் இளம் வயதில் பியானோ வாசிக்கச் சேர்ந்த ஃபிரெட் கைஸ்பர்க்தான் 1902இல் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலானோரைப் பதிவு செய்தவர். பதிவான மூலத் தகடுகள் எங்கே போயின? ஹானோவருக்கு. பெர்லினரின் சகோதரர் ஜோசப் 1898இல் தொடங்கிய தொழிற்சாலைக்கு. சோட்டா நாக்பூரின் அரக்கு ஹானோவருக்குப் போய், கல்கத்தாவின் குரலைத் தாங்கிக்கொண்டு, மறுபடி கப்பலேறி நம் கடைகளுக்கு வந்தது. அந்தக் காலத் தட்டுகளின் லேபிளில் ஹானோவரில் தயாரானது என்ற குறிப்பு இருக்கும். கல்கத்தா சியால்டாவில் 1908இல் தொழிற்சாலை வந்த பிறகே இங்கே அச்சிடத் தொடங்கினார்கள். உங்கள் வீட்டுத் தட்டில் ஹானோவர் என்ற சொல் இருந்தால், தயவுசெய்து அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

பால் காய்ச்சச் சொன்ன மனிதர்

இனிமேல் சொல்லப்போவதற்கும் இசைத்தட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இதை விட்டுவிட்டால் பெர்லினரைச் சொன்னதாக ஆகாது.

1900 வாக்கில் அவருடைய கைக்குழந்தைக்கு வயிற்றுக் கோளாறு வந்து உயிருக்கே ஆபத்தானது. காரணம் தேடியதில், அன்றைய நகரங்களில் விற்ற பாலின் சுத்தக்கேடு அவர் கண்ணில் பட்டது. நம் வீடுகளில் பால் வந்ததும் காய்ச்சுவது பழக்கம். அன்றைய அமெரிக்காவில் பச்சைப் பாலை அப்படியே குழந்தைக்குக் கொடுப்பார்கள். கோடையில் எத்தனையோ குழந்தைகள் இறந்தன. தம் குழந்தை பிழைத்ததோடு பெர்லினர் நிற்கவில்லை. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்க வேண்டும் என்று பத்திரிகைகளில் சொந்தச் செலவில் தொடர்ந்து அறிவிப்புகள் போட்டார். குழந்தைகளுக்குச் சுத்தம் கற்பிக்கப் பாட்டுப் புத்தகம் எழுதினார். 1907இல் வாஷிங்டனில் பால் பற்றி ஒரு மாநாடு கூடியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த மாநாடு பாலை மூன்று தரமாகப் பிரித்தது. சான்று பெற்ற பால், சோதனை செய்த பால், சூடாக்கிக் கிருமி நீக்கிய பால். வாங்குபவருக்குத் தாம் எதை வாங்குகிறோம் என்று தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். தரம் பிரிப்பது என்றால் இதுதானே?

தம் அம்மா சாராவின் பெயரில், பெண்கள் விஞ்ஞான ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை ஒன்றும் ஏற்படுத்தினார். வயதான பிறகும் சும்மா இருக்கவில்லை. மகன் ஹென்றியோடு சேர்ந்து ஹெலிகாப்டர் செய்ய முயன்றார். 1922இல் மேரிலாண்டின் காலேஜ் பார்க்கில் ஹென்றி அதை ராணுவத்தினர் முன் தரையிலிருந்து எழுப்பிக் காட்டினார். எழுபது வயதைத் தாண்டி, அரங்குகளில் எதிரொலி தொல்லை இல்லாமல் இருக்கச் சுவர் ஓடுகள் செய்தார். 1888இல் எந்த ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட்டில் தட்டைச் சுழற்றிக் காட்டினாரோ, அதே நிலையம் 1929இல் தன் உயர்ந்த பதக்கத்தை அவருக்கு அளித்தது. அந்த ஆண்டே ஆகஸ்ட் 3ஆம் தேதி வாஷிங்டனில் காலமானார். வயது 78. தற்செயல்தான் என்றாலும், 78 என்ற எண்ணைப் பார்த்ததும் ரெக்கார்டு பிரியர்கள் புன்னகைக்காமல் இருக்க முடியாது.

இறப்பதற்கு முந்தைய ஆண்டே குடும்பத்தாருக்கு எழுதி வைத்திருந்தார். தம் இறுதிச் சடங்கை ஆடம்பரமாகச் செய்ய வேண்டாம், அந்தச் செலவைக் கைக்குழந்தை வைத்திருக்கும் ஏழைத் தாய்மாருக்குக் கொடுங்கள் என்பது அதன் கருத்து. வியாபாரத்தில் பெயரை இழந்தார், கடையை இழந்தார். ஆனால் வினைல் வந்து, 1948இல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. வந்து, ஸ்டீரியோ வந்த பிறகும், தட்டையான வட்டத்தில் அச்சால் அழுத்திய பள்ளம் என்ற அவருடைய முறை அப்படியே இருக்கிறது. உங்கள் பேரன் நேற்று வாங்கி வந்த ரெக்கார்டும் அப்படி அழுத்தி எடுத்ததுதான்.

உங்கள் வீட்டுத் தட்டுக்கு என்ன தரம்?

வங்கியில் நோட்டுகளைப் பிரிப்போம். திரும்பக் கொடுக்கத்தக்க நோட்டு, அழுக்கு நோட்டு, கிழிந்த நோட்டு. நோட்டில் எழுதிய மதிப்பு ஒன்றுதான், நிலைமைதான் வேறு. ரெக்கார்டிலும் அப்படியே. பாட்டு எவ்வளவு அரிதானாலும், தட்டின் நிலைமையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

உலகெங்கும் விற்பவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் வரிசை இது: மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட், ஃபேர், புவர். இதில் குட் என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். குட் என்றால் பாட்டு தடையில்லாமல் ஓடும், ஆனால் இரைச்சல் நிறைய இருக்கும் என்று பொருள். நல்ல நிலை என்று நாம் நினைப்பது நியர் மின்ட். தட்டுக்கு ஒரு தரம், உறைக்கு ஒரு தரம் என்று இரண்டாக எழுதுவார்கள்.

பார்க்கும் முறை எளிது. சுத்தமான கையால் விளிம்பைப் பிடியுங்கள். ஒற்றை விளக்கின் கீழ் தட்டைச் சாய்த்து மெதுவாகத் திருப்புங்கள். கீறல், சாம்பல் நிறத் தேய்மானம், விளிம்பில் சில்லு, முடி போன்ற விரிசல், வளைவு, எல்லாம் தெரியும். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை உள்ள வெற்றுப் பகுதியில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் தட்டின் ஜாதகம். எந்த அச்சில் எடுத்தது என்பதை அறிந்தவர்கள் அதிலிருந்து சொல்வார்கள். கடைசியாகப் போட்டுக் கேளுங்கள். கண்ணுக்கு நன்றாக இருப்பது காதுக்கு நன்றாக இருக்கும் என்று உறுதியில்லை. சந்தேகம் வந்தால் ஒரு படி குறைத்தே எழுதுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். பழைய 78 தட்டை ஸ்பிரிட், சானிடைசர் போன்றவற்றால் துடைக்கவே கூடாது, அரக்கு ஆல்கஹாலில் கரையும். எல்.பி. ஊசியால் 78 தட்டை ஓட்டாதீர்கள், 78இன் பள்ளம் அகலமானது, அதற்குத் தனி ஊசி உண்டு. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல நிற்க வையுங்கள், வெயில் படாத இடத்தில்.

வெளிநாடுகளில் இப்போது கட்டணம் வாங்கித் தரச் சான்று தந்து, ரெக்கார்டைப் பிளாஸ்டிக் பெட்டியில் மூடி முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்களும் வந்துவிட்டன. விற்பதற்கு அது உதவலாம். ஆனால் மூடிய பெட்டியில் தட்டு பாடாது. விற்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வதற்கு முன், வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து ஒரு முறை அதைப் போட்டுக் கேட்டுவிடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

யாருக்காவது தரம் பார்க்க உதவி வேண்டுமானால், ஞாயிறு காலை சங்க அலுவலகத்தில் தட்டோடு வாருங்கள். விளக்கும் பூதக்கண்ணாடியும் நான் கொண்டு வருகிறேன். கட்டணம் கிடையாது, காபி இருந்தால் மறுக்க மாட்டேன்.